மரமும் காலமும்: மொஜிகோ புகையிரத நிலைய மீளமைப்புப் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கட்டடமொன்று அதன் பழைய நிலைக்கு மீட்கப்பட்டது என்று கூறப்படுமிடத்து, எந்தப் பழைய நிலைக்கு என்னும் வினா உடனெழுதல் இயல்பு. நூறாண்டு நின்ற கட்டடத்துக்குப் பழைய நிலை ஒன்றன்று. கட்டி முடித்த நாளில் இருந்த நிலை, பின்னர் கூட்டியும் குறைத்தும் ஏற்பட்ட நிலை, போர்க்காலத்து நிலை, ஊர் நலிந்தபோது கவனிப்பாரற்றுக் கிடந்த நிலை எனப் பல உண்டு. இவற்றுள் ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றை அகற்றுவோர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு வரலாற்றுத் தீர்ப்பை வழங்குகின்றனர். பழஞ்சுவடியொன்றைப் பதிப்பிப்பவர் பாடபேதங்களுள் ஒன்றை மூலத்தில் வைத்து, மற்றவற்றை அடிக்குறிப்பிற் காட்டுவார். படிப்பவர் அவரோடு முரண்படலாம். விலக்கிய பாடம் அங்கேயே கிடக்கும். கட்டடத்தை மீளமைப்பவருக்கு அடிக்குறிப்பென்னும் வசதி இல்லை. அவர் விலக்கிய பாடம் ஆவணத்தில் மட்டும் எஞ்சும்.

இவ்வினாவை நுணுகி ஆராய்தற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, யப்பானின் கியூஷூ தீவினது வடமுனையில் உள்ள மொஜிகோ புகையிரத நிலையமாகும். 1914ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட இரண்டு மாடி மரக்கட்டடம் அது. 1988இல் யப்பானிய அரசு அதனை முதன்மைப் பண்பாட்டுச் சொத்துக்களுள் ஒன்றாகப் பிரகடனப்படுத்தியது. புகையிரத நிலையக் கட்டடமொன்று அத்தகுதியைப் பெற்றமை அந்நாட்டில் அதுவே முதன்முறை. 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மீளமைப்பு வேலைக்காக மூடப்பட்டு, 2018 நவம்பரில் ஒரு பகுதியும் 2019 மார்ச்சில் முழுக்கட்டடமும் மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளிலும் புகையிரதங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பயணிகள் பக்கத்தே அமைத்த தற்காலிக நிலையத்தினூடாக மேடைகளுக்குச் சென்று வந்தனர். வேலை முடிந்தபின் பழைய வாயிலுக்கே திரும்பினர். நாள்தோறும் பயன்படும் கட்டடம் என்பதே இதன் சிறப்பும் இதன் சிக்கலுமாகும்.

கட்டடத்தின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிந்தாலன்றி அதன் மீளமைப்பை மதிப்பிடுதல் இயலாது. 1891இல் கியூஷூ புகையிரதக் கம்பனி என்னும் தனியார் கம்பனி தன் பாதையின் தொடக்க நிலையத்தை இத்துறைமுகத்தில் அமைத்தது. அந்நாளில் அதன் பெயர் மொஜி. நீரிணைக்கு அப்பால், கூப்பிடு தூரம் என்னுமளவில், முதன்மைத் தீவான ஹொன்ஷூவின் ஷிமொனொசெகி நகர் தெரிகின்றது. 1901 முதல் இரு கரைகளையும் புகையிரதக் கப்பற்சேவை இணைத்தது. 1907இல் பாதை அரசுடைமையாயிற்று. ஏழு ஆண்டுகளின் பின், கப்பற்றுறைக்கு அருகே, கியூஷூவின் தலைவாயிலாக இப்புதிய நிலையம் எழுப்பப்பட்டது. தண்டவாளங்கள் இங்கே வந்து முடிந்துவிடுகின்றன. இறங்கியோர் கட்டடத்தைக் கடந்து கப்பலுக்குச் சென்றனர். வட கியூஷூவின் நிலக்கரி இத்துறைமுகத்தினூடாகவே வெளியேறியது. யப்பானின் குடியேற்ற நாடாகவிருந்த தைவானிலிருந்து வாழைப்பழம் வந்திறங்கியதும் இங்கேதான். அப்பழத்தைத் தெருவிற் கூவி விற்றோரின் பாட்டுக்கு இவ்வூர் இன்றும் பெயர்பெற்றது.

முகப்பைப் பார்ப்போர் இது மரக்கட்டடம் என்று எளிதில் நம்பமாட்டார். இருபுறமும் ஒத்த சமச்சீரான மறுமலர்ச்சிக்கால ஐரோப்பியப் பாங்கு, சரிந்த கூரை, அதிற் கூரைச் சாளரங்கள், நடுவே ஒரு பெரிய கடிகாரம். சுவரோ கல் பதித்தது போல் தோன்றுகின்றது. உள்ளேயிருப்பது மரச்சட்டகம், புறத்தே சாந்து பூசிக் கல்லின் தோற்றம் தரப்பட்டுள்ளது. மேனாட்டு வல்லரசுகளுக்குத் தானும் நிகர் எனக் காட்ட விழைந்த ஓர் அரசு, தன் தச்சர் கைவந்த மரத்தாற் கட்டி, அதன்மீது ஐரோப்பியக் கல்லின் முகத்தை அணிவித்தது. இதனைப் பொய்ம்மை என இகழ்தல் எளிது. பொருளின் உண்மை வெளித்தெரிய வேண்டும் என்னும் கொள்கையுடைய நவீன கட்டடக்கலைஞர் ஒருவர் சாந்தைச் சுரண்டி மரத்தைக் காட்ட விரும்பக்கூடும். மீளமைத்தோர் அவ்வாறு செய்யாமை நன்று. மரத்தைக் கல்லாகக் காட்டிய அந்த விழைவே இக்கட்டடத்தின் வரலாற்று உண்மை. (‘மர நிலையம்’ என்று கேள்விப்பட்டு வருவோர் ஏமாற்றமடைவதும் இதனாலேயே.)

1942இல் நீரிணைக்கடியிற் புகையிரதச் சுரங்கம் திறக்கப்பட்டது. ஹொன்ஷூவிலிருந்து வந்த வண்டிகள் வேறொரு நிலையத்தினூடாகக் கியூஷூவினுட் புகுந்தன. மொஜி என்னும் பெயரும் அந்நிலையத்துக்கே வழங்கப்பட, தலைவாயிலாகவிருந்த பழைய நிலையம் ‘மொஜித் துறைமுகம்’ எனப் பொருள்படும் மொஜிகோ ஆயிற்று. 1964இற் கப்பற்சேவையும் நின்றது. 1975இல் அதிவேகப் புகையிரதம் கியூஷூவை எட்டியபோது, இவ்வூரை விடுத்துக் கொக்குரா வழியே சென்றது. போக்குவரத்துப் பெருகிய ஊர்களில் மரக்கட்டடங்களை இடித்துச் சீமெந்தால் எழுப்பினர். மொஜிகோவில் அதற்குரிய தேவையும் எழவில்லை, பணமும் ஒதுக்கப்படவில்லை. கட்டடம் தப்பிப் பிழைத்தமைக்குப் பண்பாட்டுணர்வைக் காட்டிலும் பொருளாதார நலிவே முதற்காரணம் என்பது மனங்கொள்ளத்தக்கது. பண்பாட்டுணர்வு பின்னரே வந்தது. வரும்போது சுற்றுலாவையும் உடன் அழைத்து வந்தது. துறைமுகப்பகுதி முழுவதும் 1995இல் ‘ரெட்ரோ’ என்னும் அடைமொழியோடு சுற்றுலாத்தலமாகத் திறந்து வைக்கப்பட்டது.

இனி மீளமைப்பை நோக்குவோம். மேனாட்டு மரபில் இதுபற்றிய வாதம் நெடியது. இங்கிலாந்தின் ஜோன் றஸ்கின் 1849இலேயே மீளமைப்பு என்பது ஒரு பொய் என்று சாடினார். பழைய கட்டடத்தைத் தாங்கிப் பேணலாம், ஆனால் அதனைச் செய்த கையை மீளக்கொணர முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். பிரான்சின் வியோலே-லெ-துக் இதற்கு நேர்மாறாக, எக்காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக்கூடக் கட்டடத்தைக் கொண்டுசெல்லலாம் எனக் கருதினார். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், கட்டடமொன்றில் எல்லாக் காலங்களும் விட்டுச்சென்ற பெறுமதியான பங்களிப்புக்களை மதித்தல் வேண்டும் என்றும், பாணியின் ஒருமை மீளமைப்பின் நோக்கமன்று என்றும் விதித்தது.

இவ்வாதங்கள் கல்லை மனத்திற்கொண்டு எழுந்தவை. மரத்தின் இயல்பு வேறு. அது உளுக்கும், ஈரத்தில் அடி இற்றுப்போகும், தீப்பற்றும். ஆகவே மரக்கட்டடத்தைப் பேணுதல் என்றாலே அதன் உறுப்புக்களைக் காலந்தோறும் மாற்றுதல் என்றாகும். யப்பானிய மரபில் இதற்கு இரு துருவங்கள் உண்டு. இஸே ஆலயத்தை 20 ஆண்டுக்கொருமுறை முற்றிலும் புதிய மரத்தால் அடுத்த நிலத்திற் கட்டி, பழையதைக் கலைத்துவிடுகின்றனர். 2013இலும் அவ்வாறே நிகழ்ந்தது. அங்கே மரம் நிலைப்பதில்லை, செய்முறை நிலைக்கின்றது. மறுபுறம், உலகிற் பழைமைவாய்ந்த மரக்கட்டடங்கள் எனக் கொள்ளப்படும் ஹோர்யூஜி விகாரையின் கட்டடங்களில், ஆயிரத்து முந்நூறு ஆண்டளவு பழைய தூண்கள் இன்றும் பாரந்தாங்கி நிற்கின்றன. பண்பாட்டுச் சொத்துக்களைப் பழுதுபார்க்கும் தச்சர் இவ்விரண்டாம் வழியைச் சார்ந்தவர். தூணின் அடி இற்றுப்போனால் தூண் முழுவதையும் எறியாது, இற்ற பாகத்தை மட்டும் அறுத்து, அதே இன மரத்தை நுட்பமான பொருத்தால் ஒட்டுவர். புதிதாகச் சேர்த்த மரத்தில் பழுதுபார்த்த ஆண்டை முத்திரையிடுவதும் அவர்தம் வழக்கம். நாளை இன்னொருவர் பிரித்துப் பார்க்கையில் எது பழையது, எது புதியது என ஐயுறவேண்டியதில்லை. அடிக்குறிப்பு இல்லை என்று மேலே கூறினோம். மரத்தின் உள்ளே, எவர் கண்ணுக்கும் படாத இடத்தில், அது எழுதப்படுகின்றது எனலாம்.

மரத்துக்கும் கல்லுக்குமிடையிலான இவ்வேறுபாட்டை உலகு ஏற்பதற்கு 1994வரை செல்லவேண்டியிருந்தது. அவ்வாண்டு நாரா நகரிற் கூடியோர் வெளியிட்ட ஆவணம், ஒரு சின்னத்தின் மெய்ம்மையை மூலப்பொருளைக் கொண்டு மாத்திரம் அளக்கலாகாது, அதன் வடிவம், பயன், மரபு, சூழல், உணர்வு ஆகியனவும் சான்றுகளே என்று கூறியது. அப்பட்டியலில் ‘பயன்’ இடம்பெற்றமையே நமது கட்டுரைக்கு இன்றியமையாதது. மொஜிகோவின் மெய்ம்மையில் ஒரு பகுதி, காலை வண்டிக்கு ஓடிவரும் மாணவனின் காலடியில் இருக்கின்றது என்று கொள்ள இடமுண்டாகின்றது.

யப்பானிய மொழியில் மீளமைப்பைக் குறிக்க ஒரே ஒலியுடைய இரு சொற்கள் உள. இரண்டும் ‘ஃபுக்குகென்’ என்றே ஒலிக்கும். எழுத்தில் மட்டும் வேறுபடும். ஒன்று, நின்றுகொண்டிருக்கும் கட்டடத்திற் பின்னாளில் ஏறிய மாற்றங்களை நீக்கி முன்னைய உருவுக்குக் கொணர்தல். மற்றது, அழிந்துபோனதைச் சான்றுகொண்டு மீண்டும் எழுப்புதல். தமிழில் மீளமைப்பு, புனரமைப்பு, புதுப்பித்தல் ஆகியவற்றை நாம் வேறுபாடின்றி வழங்குகின்றோம். கோயிலெனின் திருப்பணி என்று கூறி எல்லாவற்றையும் அதனுள் அடக்கிவிடுகின்றோம். மொஜிகோவில் நிகழ்ந்தது முதல்வகை. எனவே, ‘பின்னாளில் ஏறியவை’ எவை, அவற்றுள் நீக்கத்தக்கன எவை என்பதிலேயே முழுப் பிரச்சினையும் தங்கியுள்ளது.

கூரைக்கு இயற்கைக் கற்பலகை ஓடு மீண்டும் வேயப்பட்டது. நிலநடுக்கத்துக்கு ஈடுகொடுக்கும் வகையிற் சட்டகம் வலுவூட்டப்பட்டது. இவற்றில் எவருக்கும் முரண்பாடு இருக்க நியாயமில்லை. முரண்பாட்டுக்குரியது முகப்பின் நெடும் பந்தல். 1929இல், அதாவது கட்டடம் எழுந்து 15 ஆண்டுகளின் பின், வாயிலின் முன்னே மழைக்கும் வெயிலுக்குமாக அது சேர்க்கப்பட்டது. வண்டியிலிருந்து இறங்கியோரும் ஏற வந்தோரும் அதனடியில் ஒதுங்கினர். 2012இல் வேலை தொடங்கும்வரை 83 ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. வாழ்வோர் நினைவிலுள்ள மொஜிகோவின் முகம், பந்தலுடன் கூடிய முகமே. மீளமைத்தோர் அதனை அகற்றினர். ஆயின், 1918இற் சேர்ந்த கடிகாரத்தை முகப்பில் வைத்துக்கொண்டனர். கட்டிய நாளின் தோற்றமே குறிக்கோளாயின் கடிகாரத்துக்கு அங்கே இடமில்லை. பின்வந்த பயனுள்ள சேர்க்கைகளை மதிப்பதே குறிக்கோளாயின் பந்தலை அகற்ற முகாந்திரமில்லை.

இம்முரணுக்கு விடை ‘தைஷோ’ என்னும் சொல்லிலே உள்ளது. மீட்கப்பட்டது தைஷோ காலத் தோற்றம் எனப்பட்டது. தைஷோ என்பது 1912 முதல் 1926 வரை ஆண்ட பேரரசரின் காலம். கடிகாரம் அதனுள் அடங்கும், பந்தல் அடுத்த ஆட்சியாகிய ஷோவாவைச் சேர்ந்தது. பேரரசரின் ஆட்சியாண்டு ஒரு மரக்கட்டடத்தின் காலவெல்லையாக வகுக்கப்பட்டமை விந்தையே. ஆயினும் இதில் ஒரு சமூக உளவியல் உண்டு. தைஷோ என்றால் நகரநாகரிகம், எரிவாயு விளக்கு, மேனாட்டு உடை, இனிய மாலைப்பொழுது என்னும் ஏக்கம் இன்றைய யப்பானியரிடம் நிலவுகின்றது. ஷோவாவின் முதற்பாதி போரைச் சுமந்து நிற்கின்றது. சுற்றுலாவுக்கு எக்காலம் விலைபோகும் என்பது சொல்லாமலே விளங்கும். பந்தலை அகற்றியமைக்கு இது ஒன்றே காரணம் என்று சாதிக்க நான் முனையவில்லை; சமச்சீரான முகப்பைப் பந்தல் மறைத்தது என்னும் அழகியல் நியாயம் வலுவற்றதன்று. எனினும், அழகு கருதி மழையொதுங்கும் இடத்தை நீக்குவது, நாள்தோறும் பயன்படும் நிலையமொன்றில் யார் பொருட்டு முடிவெடுக்கப்படுகின்றது என்பதைக் காட்டிவிடுகின்றது. முகப்பை எதிரே சதுக்கத்தில் நின்று படமெடுப்பவருக்குப் பந்தல் இடையூறு; அதனடியில் நிற்பவருக்கு அது கூரை.

இப்போக்கு மொஜிகோவுக்கு மட்டும் உரியதன்று. அதே 1914இல் திறக்கப்பட்ட ரோக்கியோ மத்திய நிலையம் செங்கற் கட்டடம். 1945இன் விமானத்தாக்குதலில் அதன் குவிமாடங்களும் மூன்றாம் மாடியும் அழிந்தன. வறுமையின் உச்சத்தில், 1947இல், குவிமாடங்களுக்குப் பதிலாக எளிய எண்கோணக் கூரை வேய்ந்து இரண்டு மாடியாக அதனை நிமிர்த்தினர். குவிமாடங்கள் நின்றது 31 ஆண்டு. எண்கோணக் கூரை நின்றதோ ஏறத்தாழ 60 ஆண்டு. 2012இல் முடிவுற்ற மீளமைப்பு குவிமாடங்களை மீட்டு எண்கோணத்தை அழித்தது. தோல்வியுற்ற நாட்டின் தொழிலாளர் கையிற் கிடைத்ததைக்கொண்டு செய்த வேலை, பெருமிதக் காலத்து வேலைக்கு வழிவிட்டது.

இனிக் கட்டடத்தின் உள்ளே. 1914இன் தள அமைப்பே வர்க்க வேறுபாட்டின் வரைபடமாகும். மத்திய மண்டபத்தின் ஒரு புறம் முதலாம், இரண்டாம் வகுப்பினருக்கான காத்திருப்பு மண்டபம். மறுபுறம் மூன்றாம் வகுப்பினருக்கானது. மேல்மாடியில் மேனாட்டு உணவு பரிமாறிய உணவுச்சாலையும் உயர்குடி விருந்தினருக்கான அறையும். மூன்றாம் வகுப்பு மண்டபத்தில் இருந்தவர் யாவரென ஊகித்தல் அரிதன்று: சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் வேலைதேடி வந்தோர், கப்பலுக்கு நிலக்கரி சுமந்தோர், பெட்டியும் பிள்ளையுமாகக் கடல் கடக்க வந்த ஏழைக் குடும்பங்கள். யப்பானியப் புகையிரதங்களில் மூன்று வகுப்பு முறை 1960இல் இரண்டாகி, 1969இல் வகுப்பு என்னும் பெயரே நீங்கியது. மீளமைப்பின் பின்னர் முதலிரு வகுப்பினரின் மண்டபம் பயணச்சீட்டு வழங்கலுக்கும் பயணிகளுக்குத் தகவல் கூறுவதற்கும் பயன்படுகின்றது. ஒருகாலத்திற் சிலருக்கே உரியதாகவிருந்த இடம் எல்லோருக்கும் திறந்துவிட்டமை வரவேற்கத்தக்கது. மூன்றாம் வகுப்பு மண்டபமோ உலகளாவிய கோப்பிக் கம்பனி ஒன்றின் கடையாயிற்று. கூரையும் சாளரமும் செவ்வனே பேணப்பட்டுள்ளன. விளம்பரப் பலகையும் அடக்கமாக உள்ளது. எனினும் மிகக்குறைந்த கட்டணம் செலுத்தியவருக்குப் பயணச்சீட்டே அமரும் உரிமையளித்த அந்த அறையில், இன்று அமர்வதற்கு ஒரு கோப்பைக் கோப்பி வாங்கவேண்டும். மேல்மாடியில் பழைய உணவுச்சாலை அதே பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் வாடிக்கையாளர் 1914இன் வாடிக்கையாளரின் வர்க்கத்தினின்று வெகுதொலைவிலுள்ளவர் அல்லர். அவ்வகையில் மேல்மாடியின் மீளமைப்பே மிகவும் உண்மையானது என்று எள்ளலாகக் கூறத்தோன்றுகின்றது.

இவ்விடத்து ஓர் எதிர்வாதத்தைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. கடையும் உணவுச்சாலையும் இல்லையெனின் இக்கட்டடத்தை யார் பேணுவர்? யப்பானியத் தேசியப் புகையிரதம் 1987இற் கூறுபடுத்தப்பட்டது. மொஜிகோவின் உரிமையாளரான கியூஷூப் புகையிரதக் கம்பனியின் பங்குகள் 2016 முதல் பங்குச்சந்தையில் விற்கப்படுகின்றன. பங்குதாரருக்குக் கணக்குச் சொல்லவேண்டிய ஸ்தாபனம், வருவாயற்ற மண்டபத்தை நெடுங்காலம் காத்திராது. ஏனைய நிலையங்களின் கதியை நோக்கின் இவ்வாதத்தின் வலு புலனாகும். ரோக்கியோவின் ஹராஜுக்கு நிலையம் 1924இல் ஆங்கில நாட்டுப்புறப் பாங்கிற் கட்டப்பட்ட அழகிய மரக்கட்டடம். தீத்தடுப்புச் சட்டத்துக்கு அது அமையவில்லை என்னும் காரணத்தால், 2020 மார்ச்சில் அருகே புதிய நிலையம் திறக்கப்பட்டதும் இடிக்கப்பட்டது. எரியாத பொருள்கொண்டு அதன் சாயலை மீண்டும் எழுப்புவதாக அறிவித்தனர். அங்கே பயன் வாழ்ந்தது, மரம் மாண்டது. ரோக்கியோவின் மேற்கே குனிதாச்சி நிலையத்தின் 1926ஆம் ஆண்டுச் செந்நிறக் கூரைக் கட்டடம், தண்டவாளத்தை உயர்த்தும் பொருட்டு 2006இற் பிரித்தெடுக்கப்பட்டது. உறுப்புக்களை நகரசபை சேமித்துவைத்து 2020இல் நிலையத்தின் எதிரே மீண்டும் பொருத்தியது. ஆனால் இப்போது அது பொதுமக்கள் கூடுமிடம், புகையிரத நிலையமன்று. தைஷா நிலையம் 1924இல் இஸுமோ ஆலயத்துக்கு வரும் யாத்திரிகருக்காகக் கோயிற் பாங்கில் எழுந்தது. 1990இற் பாதையே மூடப்பட்டது. 2004இல் நிலையம் முதன்மைப் பண்பாட்டுச் சொத்தாகியது. வண்டி வராத மேடையோடு அது காட்சிப்பொருளாய் நிற்கின்றது. இவற்றோடு ஒப்பிடுகையில், மரமும் வண்டியும் ஒருங்கே எஞ்சியமை மொஜிகோவின் பேறு. கோப்பிக் கடை அப்பேற்றுக்குச் செலுத்திய விலையாயின், விலை மிகையென்று கூற நான் தயங்குவேன். பந்தல் அவ்விலையிற் சேராது. அதனை வைத்திருந்தாலும் கடை நடந்திருக்கும்.

நிலையத்தின் ஓரமாகத் தண்ணீர்க்குழாய் ஒன்று உண்டு. கடல்கடந்து சென்றோர் தாயகம் திரும்பியதும் இங்கே நீரருந்தினர் என்பதால் ‘திரும்பி வந்தோர் தண்ணீர்’ என்னும் பொருள்படப் பெயர்பெற்றது. 1945இன் பின் தோற்ற படையினரும், குடியேற்ற நாடுகளிலிருந்து உடைமையிழந்து மீண்ட குடிமக்களும் அதனைச் சூழ்ந்து நின்றனர். போர்க்காலத்தில் இத்துறைமுகத்தினூடாகக் களத்துக்குச் சென்றோர் எண்ணிறந்தோர். அவர்களுட் பலர் இக்குழாயடிக்கு மீளவில்லை. கழிவறையருகே வெண்கல நீர்த்தொட்டி ஒன்றும் உள்ளது. போருக்கென உலோகம் திரட்டப்பட்டபோது அது எவ்வாறோ தப்பியதாம். இன்று அதனை நற்பேறு தரும் தொட்டி என்கின்றனர். கப்பலுக்குச் சென்ற பழைய நடைவழியின் எச்சத்தில், சுவரில் ஒரு சிறு துளையும் காணப்படுகின்றது. போரின் இறுதிக்கட்டத்தில், படையினரின் கட்டளைப்படி, கடந்துசெல்லும் பயணிகளுள் ஐயத்துக்குரியோரை மறைந்திருந்து நோக்குவதற்கென அமைத்தது அது. தைஷோ காலத்ததன்று, பந்தலைக் காட்டிலும் இளையது. பந்தல் அகற்றப்பட்டது, இத்துளை இருந்த இடத்திலேயே, சிறு விளக்கப்பலகை ஒன்றோடு விடப்பட்டுள்ளது.